வத்தல் மேல் விழுந்த பழி

1998 சித்திரைக்குப் பிறகு எங்கள் வீட்டு அம்மியில் வத்தல் ஏறவே இல்லை. நாகர்கோவில் பக்கம் காய்ந்த மிளகாயை வத்தல் என்றுதான் சொல்வோம். அதுவரை அம்மா வைக்கும் மீன்கறி செக்கச்செவேலென்று இருக்கும். சட்டி ஓரத்தில் எண்ணெய் தனியாகக் கோடு கட்டி நிற்கும். அப்புறம் வந்ததெல்லாம் தேங்காயும் மஞ்சளும் மட்டும் அரைத்த, வெளிறிப்போன நோயாளிக் கறி. அப்பாவுக்கு மட்டும் தனியாக வைத்தால் போதாதா என்று நானும் தங்கையும் கேட்டிருக்கிறோம். "ஒரே அடுப்புல ரெண்டு கறி கொதிச்சா அவருக்கு ஆசை வராதா" என்று சொல்லிவிட்டு அம்மாவும் அதையே சாப்பிட்டாள். 2011-இல் அவள் போய்ச்சேரும் வரைக்கும் அதே கறிதான்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெரும்பாலும் திருவனந்தபுரம் தடம். தோல்பைக்குள் டிக்கெட் கட்டுக்கும் சில்லறைக்கும் அடியில் ரோஸ் நிற டைஜீன் மாத்திரை அட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். ராத்திரி அவர் வீட்டுக்குள் நுழையும்போது டீசல் வாசனையோடு அந்தப் புதினா வாசனையும் சேர்ந்து வரும். வலி பகலில் அவ்வளவு இல்லை. நடு ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு வயிறு காலியானதும் கிளம்பும். எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் பிஸ்கட்டில் இரண்டைத் தின்று தண்ணீர் குடித்தால் அடங்கும். எல்லா அப்பாக்களும் தலையணைக்கு அடியில் பிஸ்கட் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்கள் என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

அந்தச் சித்திரையில் இரண்டு நாளாக அவருக்குத் தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பிப்பொடியைக் கரைத்துக் கொட்டிய மாதிரி ஒரு வாந்தி. எடுத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் முன்சிறுகுடலில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதி, கூடவே ஒரு தாளில் பட்டியலும் கொடுத்தார்கள்: காரம், புளி, காப்பி கூடாது. டென்ஷன் கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

அந்தப் பட்டியலை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தை வாங்கிப் படித்தாள். அப்பாவுக்கு அக்கா. "நேரத்துக்கு ஒரு வாய் சோறு குடுத்திருந்தா என் தம்பிக்கு இந்தக் கதி வருமா? வத்தலை அள்ளி அள்ளிப் போட்டா குடல் என்ன இரும்பா?" என்று வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மா பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தாளில் இருந்த எதுவும் அப்பாவின் புண்ணுக்குக் காரணம் இல்லை. எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆனது. ஆனால் உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1994 பிப்ரவரியிலேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொல்லிவிட்டது: அல்சர் இருந்து, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் இருந்தால், ஆன்டிபயாடிக் கொடுத்து அதை ஒழிக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த டெஸ்ட்டை யாரும் எடுக்கவில்லை.

நம் பேச்சில் வயிற்றுக்கு எத்தனை வேலை பாருங்கள். பொறாமை வந்தால் வயிறு எரியும். பயம் வந்தால் வயிற்றில் புளி கரையும். நல்ல சேதி கேட்டால் "வயித்துல பாலை வார்த்தே" என்போம். மனசில் நடப்பதெல்லாம் வயிற்றில்தான் நடக்கிறது என்று நம்பும் ஒரு மொழியில், புண்ணும் மனசால் வந்தது, வாயால் வந்தது என்று நம்புவதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைக்காரனும் அதைத்தான் நம்பினான். 1915 வாக்கில் சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற டாக்டர் அல்சர்காரர்களுக்கு மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கும் வைத்தியத்தைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் உலகமே அதைப் பின்பற்றியது. பால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், வாஸ்தவம். அப்புறம் அதில் இருக்கும் புரதமும் கால்சியமும் இரைப்பையை இன்னும் அமிலம் சுரக்கத் தூண்டும்.

எங்கள் குடும்பத்துக்கு அல்சர் அப்பாவோடு தொடங்கவில்லை. தாத்தாவின் வயிற்றில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு தழும்பு உண்டு. 1946-இல் நெய்யூர் ஆஸ்பத்திரியில் செய்த ஆபரேஷன். அன்றைக்கு அது திருவிதாங்கூர். கத்தி வைத்தது சாமர்வெல் டாக்டரா, அவருடைய உதவியாளரா என்பது தாத்தாவுக்கே நிச்சயமில்லை. ஆனால் கேட்டால் "சாமர்வெல் கை பட்ட வயிறாக்கும்" என்பார். ஹோவர்ட் சாமர்வெல் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். 1924-இல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 8,500 மீட்டர் வரைக்கும் போனவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் டாக்டர் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். அவர் மேஜைக்கு வந்த வயிறுகளில் முன்சிறுகுடல் அல்சர் ஏராளம். இரைப்பையைச் சிறுகுடலோடு வேறொரு இடத்தில் இணைத்து, உணவு புண்ணைத் தொடாமல் போக ஒரு மாற்றுவழி போட்டுவிடுவார்கள். பல பேருக்கு வலி போனது.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு அல்சர் என்று அப்போதே கேட்டிருக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கு, வத்தல், புளி, அரிசி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். சாப்பாட்டில் குற்றவாளியைத் தேடிய எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. கிருமியைத் தேடியவர்கள் ரொம்பக் குறைவு. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது என்பது அப்போது பாடமே. கிரேக்க நாட்டில் மெசோலோங்கி என்ற ஊரில் ஜான் லைகூடிஸ் என்ற சாதாரண டாக்டர் 1958 முதல் அல்சர்காரர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது 4,000 டிராக்மா அபராதம். தான் சொன்னது சரி என்று தெரியாமலே 1980-இல் இறந்துபோனார்.

அவர் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் டாக்டர் ஒரு நோயாளியின் இரைப்பைத் துணுக்கில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்துவிட்டார். அமிலத்தில் இருக்கவே கூடாத ஜந்து. பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு அக்கறையில்லை. 1981-இல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் வந்து சேர, இருவருமாக 100 நோயாளிகளின் துணுக்குகளைச் சேகரித்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றுமே முளைக்கவில்லை. இரண்டு நாளில் எதுவும் தெரியாவிட்டால் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவது ஆய்வக வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு மறந்துபோய் ஐந்து நாள் இன்குபேட்டரிலேயே கிடந்தது. லீவு முடிந்து வந்து திறந்தால் கிருமி வளர்ந்து நிற்கிறது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கூடுதலாக இரண்டு மூன்று நாள்தான்.

அப்போதும் யாரும் நம்பவில்லை. எலிகளுக்கும் பன்றிகளுக்கும் தொற்றவைத்துக் காட்டவும் முடியவில்லை. 1984-இல் மார்ஷல் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமியைக் கரைத்துத் தானே குடித்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி. வாயிலிருந்து நாற்றம் வருகிறது என்று மனைவி சொன்னார். குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பைச் சுவர் வீங்கிச் சிவந்திருக்கிறது, கிருமியும் இருக்கிறது. சங்கதி தெரிந்த மனைவி முதலில் மருந்தைச் சாப்பிடு என்று நின்றுவிட்டார்.

இதில் எனக்கு இன்னொருவர் நினைவு வரும். 1892-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், காலராவுக்குக் கிருமி மட்டும் காரணமாக முடியாது என்று நிரூபிப்பதற்காக, 73 வயதில் காலரா கிருமியைக் குடித்தார். வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சோடா உப்பைப் போட்டு அமிலத்தையும் முறித்துவிட்டே குடித்தார். லேசான பேதியோடு தப்பித்தார். தான் ஜெயித்ததாகவே நினைத்தார். அதே தைரியம், தப்பான பக்கம். அவர் போட்ட சோடா உப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. வயிற்று அமிலம் வாசலில் நிற்கும் காவல்காரன். காலையில் காப்பிக்கு முன் பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை போடுவதை வருஷக்கணக்கில் பழக்கமாக்கிக்கொண்டவர்கள் (என் ஆபீசில் பாதிப் பேர்) அந்தக் காவல்காரனைத் தூங்கவைக்கிறார்கள். பேதிக் கிருமிகள் உள்ளே வருவது சுலபமாகிறது. டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதற்காக வேண்டாம்.

ஹெலிகோபாக்டர் அந்தக் காவலை எப்படித் தாண்டுகிறது? அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் வயிற்றில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றி அமிலம் முறிந்த ஒரு சின்ன இடத்தை உண்டாக்கிக்கொள்ளும். அதற்குள் இருந்தபடியே வாலைச் சுழற்றிச் சளிப்படலத்துக்குள் துளைத்துப் போய்விடும். அதே நொதிதான் அதைக் காட்டியும் கொடுக்கும்.

காட்டிக்கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். 2019, சென்னை. மூன்று மாதமாக மேல்வயிற்றில் பிசைவு. தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே அடித்து, வாயில் வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்தபோது, நர்ஸ் ஒரு அரிசி நொய் அளவுகூட இல்லாத சதைத் துணுக்கை, மஞ்சள் நிற ஜெல் இருந்த சின்னக் குழிக்குள் ஊசி முனையால் அமுக்கினார். என் இரைப்பை. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவரும்போது, துணுக்கைச் சுற்றி ஒரு வளையம் ரோஸாக மாறியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவியது. யூரியா உடைந்து அம்மோனியா வந்தால் அந்த ஜெல் நிறம் மாறும். அப்பாவின் டைஜீன் மாத்திரையின் அதே ரோஸ்.

"வீட்டில் யாருக்காவது அல்சர் இருந்திருக்கா சார்?" என்றார் டாக்டர்.

தாத்தாவிலிருந்து தொடங்கினேன். அவர் சிரித்தார். இந்தக் கிருமி பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் வீட்டுக்குள்ளேயே தொற்றிக்கொள்ளும் என்றார். எச்சில் பார்க்கிற ஜாதி நாம். டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுப்போம். ஆனால் அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஊராருக்குத்தான். பெற்ற பிள்ளைக்குக் கறியை மென்று ஊட்டும்போது எச்சில் ஏது? அது போக, கழுவாத கை, நல்லதில்லாத தண்ணீர், ஒரே அறையில் எட்டுப் பேர். உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் இது குடியிருந்திருக்கிறது. மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோதே கூட வந்தது. ஆல்ப்ஸ் பனியில் 5,300 வருஷம் உறைந்துகிடந்த ஏட்ஸி என்ற மனிதனின் இரைப்பையில் இதன் மரபணுவை 2016-இல் கண்டுபிடித்தார்கள். அவன் வயிற்றில் இருந்த வகை, இன்றைக்கு அதிகம் காணப்படுவது நம் தெற்காசியாவிலும் மத்திய ஆசியாவிலும்தான். ஏதோ தூரத்துச் சொந்தக்காரனைப் பற்றிப் படித்த மாதிரி இருந்தது எனக்கு.

குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் புண் வருவதில்லை. பத்தில் ஒருவருக்கு, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். இரைப்பைப் புற்றுநோய் வருவது நூறில் ஒன்றிரண்டு பேருக்கு. அதற்காகவே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் இந்த பாக்டீரியாவைப் புகையிலையோடு ஒரே வரிசையில், முதல் வகைப் புற்றுக்காரணியாக வைத்தது. இந்தியாவில் கிருமி இவ்வளவு இருந்தும் இரைப்பைப் புற்று ஒப்பீட்டளவில் குறைவு என்பது ஒரு புதிர். ஆனால் நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. மிசோரத்தில் மிக அதிகம். புகையில் வாட்டிய இறைச்சியும், புகையிலைப் புகை ஏற்றிய தண்ணீரான துய்பூரும் அங்கே கிருமிக்குத் துணை. சென்னையிலும் வெகுகாலம் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருந்தது இதுவே. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் ஊராகச் சோதித்து மருந்து கொடுத்ததில் இரைப்பைப் புற்று பாதியாகக் குறைந்தது.

பாக்டீரியா மட்டும் இல்லை. எப்ஸ்டீன்-பார் என்று ஒரு வைரஸ் உண்டு. எச்சில் வழியாகப் பரவி, வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும். இரைப்பைப் புற்றுக் கட்டிகளில் பத்தில் ஒன்றுக்குள், புற்று உயிரணுவின் உள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் இரைப்பைப் புற்றை மூலக்கூறு அடிப்படையில் நான்கு வகையாகப் பிரித்தபோது, இந்த வைரஸ் உள்ளதைத் தனி வகையாகவே வைத்தார்கள்.

சரி, நமக்கு அடிக்கடி வரும் வாந்திபேதிக்கு வருவோம். 2018-இல் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்வந்து ஒன்றரை நாள் கழித்து என் மகள், மனைவி, நான் என்று வரிசையாக விழுந்தோம். பக்கெட்டுக்குச் சண்டை. போனில் அத்தை உடனே தீர்ப்புச் சொன்னாள்: "பிரியாணி. ஒத்துக்கலை." பிரியாணி ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு ஒன்றரை நாள் எதற்கு? டாக்டர் சொன்னது நோரோ மாதிரி ஒரு வைரஸ். 1968-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளியில் பரவியதால் வந்த பெயர். பரிமாறியவர் கை போதும், கதவுக் கைப்பிடி போதும். சில பத்துத் துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கும். சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சமையல்காரரைத் திட்டித் தீர்த்தது மட்டும்தான் அந்தக் கல்யாணத்தில் நாங்கள் வைத்த மொய்.

ஒரு திருத்தம். இந்த வைரஸ்கள் தாக்குவது பெரும்பாலும் இரைப்பையை இல்லை, சிறுகுடலை. தமிழில் எல்லாமே வயிறு. குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த ரோட்டாவைரஸும் சிறுகுடல்காரன்தான். அதற்கு இந்தியாவிலேயே ஒரு சொட்டு மருந்து செய்தார்கள். டெல்லியில் நோயே தெரியாத ஒரு பச்சிளங்குழந்தையிடம் கிடைத்த வைரஸ் அதன் மூலம்; சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2017 முதல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆவது வாரத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வைரஸ் போன பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில் வயிறு மந்தமாகவே இருக்கும். இரண்டு இட்லியில் நிறைந்துவிடும். அதை அல்சர் என்று நினைத்து மாத்திரை வாங்கித் தின்பவர்கள் நிறைய.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தப்பு. கிருமி இல்லாமலும் அல்சர் வரும்: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று தினமும் போடுகிறவர்களுக்கு. வத்தல், இருக்கிற புண்ணில் எரியும். இல்லாத புண்ணை உண்டாக்காது.

எனக்கு 14 நாள் மருந்து. வாய் முழுக்கச் செம்புக் காசைச் சப்பிய மாதிரி கசப்பு. முடிந்ததும் அப்பாவைச் சென்னைக்கு வரவழைத்து டெஸ்ட் எடுத்தேன். 74 வயதில் பாசிட்டிவ். அவருக்கு பிஸ்மத்தும் சேர்த்து நான்கு மருந்து. மூன்றாம் நாள் விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் நின்று, "மக்களே, இங்க வா" என்றார். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். கறுப்பு. இருபத்தோரு வருஷத்துக்கு முந்தைய அதே தார். பிஸ்மத் சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார், நான்தான் அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். விளக்கிச் சொல்லியும் அவர் அன்று மத்தியானம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை. கார்பன் 13 சேர்த்த யூரியாவைக் குடித்து, அரைமணி கழித்துப் பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்து, அந்தக் கார்பன் மூச்சில் வந்துவிடும். "நல்லா ஊதுங்க ஐயா" என்று அந்தப் பெண் சொன்னதற்கு, "முப்பத்திமூணு வருசம் விசில் ஊதின வாயாக்கும்" என்றார். நெகட்டிவ்.

ஊருக்குத் திரும்பும் முன்னால், மீன்கறி வேண்டும் என்று கேட்டார். பழைய கறி, 98-க்கு முந்தினது. என் மனைவிக்குத் தெரியாது. தங்கைக்கும் அளவு நினைவில்லை. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அத்தைக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். கிருமி, தாத்தா, சின்ன வயசிலேயே ஒட்டிக்கொள்வது, வத்தலுக்கும் சோற்று நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது வரைக்கும். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

"அரைக்கிலோ மீனுக்குப் பதினெட்டு வத்தல்" என்றாள் அத்தை. "வறுக்காமப் பச்சையா அரைப்பா. கடைசியா ரெண்டு நல்லமிளகு."